விண்டர்கோட் பிரதியின் இரண்டாம் பக்கம்

விண்டர்கோட் தோட்டம், பசறை.
12.05.2024

அன்புள்ள தங்கச்சி நிஷாலினிக்கு,

நேற்று உறுதியான செய்தியை முதலில் எழுதுகிறேன். நம் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல்லயத்துக்குப் பின்னால் மலையில் விழுந்திருக்கும் வெடிப்பின் அகலம் பதினொரு அங்குலம். பதுளையிலிருந்து வந்த மண்சரிவு ஆய்வு அதிகாரிகள் அளந்தார்கள். அறிக்கையின் பிரதியை வாங்கி நானே வாசித்தேன். ‘இக்கட்டடங்களில் இனி எவரும் குடியிருத்தல் ஆகாது’ என்று மூன்றாம் பந்தியில் இருக்கிறது. ஆகவே ஜனவரி மழைக்கு வேதக்கோயில் மண்டபத்துக்கு வந்த இருபத்தேழு குடும்பங்களும் இனி லயத்துக்குத் திரும்பப் போவதில்லை.

நாங்கள் சுகம். உன் அண்ணி மரியகொரட்டிக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. ஷிரோமிக்கு உயர்தரப் பரீட்சை முடிவு இம்மாத இறுதியில் வருமாம். உன் மகள் உன்னைப் போலத்தான், கவலையைச் சாப்பாட்டில் காட்டுகிறாள். அங்கே குளிர் விட்டதா? உன் இடுப்பு வலி எப்படி?

எனக்குப் போனில் காது பிடிப்பதில்லை. மழையில் சாய்ந்த சிக்னல் கோபுரத்தையும் இன்னும் நிமிர்த்தவில்லை. ஷிரோமி ஞாயிற்றுக்கிழமை பசறைக்குப் போய்த்தான் உன்னோடு பேசுகிறாள். காரியமான விஷயத்துக்கு நமக்குக் கடிதம்தான்.

காரியம் இதுதான். தோட்டத்தில் வீடு கட்ட ஆபத்தில்லாத இடம் கோயிலைச் சுற்றியுள்ள நாலு ஏக்கர் சமதரை மட்டுமே என்று அதே அறிக்கை சொல்கிறது. காணி இருந்தால் வீட்டுக்கு அரசாங்கம் பணம் தரும். கம்பெனியோ அந்த நாலு ஏக்கரும் தன் குத்தகைக்குள் என்கிறது. நம்மிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. மறைமாவட்ட அலுவலகத்திலும் இல்லை. பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தர் ஸஜீதாவைப் பார்த்தேன். “உறுதி இல்லாட்டியும் பரவாயில்ல. கோயில் நிலத்தைத் தோட்டத்துல இருந்து பிரிச்சுக் குடுத்ததா அந்தக் காலத்துக் கடதாசி ஏதாவது கொண்டு வாங்க. ஆனா அத்தாட்சிப்படுத்தின பிரதியா இருக்கணும், போன்ல எடுத்த படம் எனக்கு ஆகாது” என்றார்.

கோயிலை 1879இல் கட்டியவர் எட்மண்ட் ஹார்லண்ட் துரை. தன் சொந்தக் கிராமத்தின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார் என்று சுவரிலுள்ள கல் சொல்கிறது. இங்கிலாந்தில் நீ வேலைக்குப் போகும் பஸ் பாதையில் அதே பெயரில் ஒரு பலகை பார்த்ததாக மாசியில் எழுதியிருந்தாய். அந்தக் கிராமம்தானா என்று எனக்குத் தெரியாது. விசாரித்து எழுது. அடுத்த மழை ஐப்பசியில்.

அண்ணன்
லூக்காஸ்


02.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பதினாறு நாளில் வந்தது. நான் நல்ல சுகம். இடுப்பும் நல்ல சுகம், வேலை செய்யும்போது மட்டும் கொஞ்சம் பேசும். அண்ணிக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா?

அதே கிராமம்தான் அண்ணா. செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு. பஸ் ஏறிப் போய் இறங்கினேன். நாற்பது வீடு இருக்கும். ஒரு கோயில், மூடிக்கிடக்கும் ஒரு கடை, வேலி ஓரமாக நெட்டில்ஸ் என்று ஒரு செடி, தொட்டால் கை எரிகிறது. நம் ஆட்கள் விண்டக்கோட்டை என்று சொல்லும் ஊர் இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. கோயிலுக்குள் போனேன். சுவரில் பித்தளைத் தகடு. எட்மண்ட் ஹார்லண்ட், இலங்கைத் தீவில் பதுளைக்கு அருகே காலமானார் என்று இருந்தது. பதுளை என்ற எழுத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த அம்மாள், வழி தவறி வந்துவிட்டாயா என்று கேட்டார். “இல்லைங்க, எங்க ஊர் பேரு உங்க சுவத்துல இருக்கு” என்றேன். அவர் மிசிஸ் பிளேக். கோயில் பொறுப்பாளர், வயது எழுபத்தெட்டு. எட்மண்டின் அண்ணன் வால்டர் ஹார்லண்ட் அந்தக் காலத்தில் இங்கே போதகராக இருந்தாராம். மாதாமாதம் ஊர்ப் பத்திரிகை அச்சடித்தாராம். தம்பி சிலோனிலிருந்து எழுதிய கடிதங்களையும் அதில் போடுவாராம். எல்லாம் கட்டுக்கட்டாக உள்ளறைப் பெட்டியில் கிடக்கின்றன. செவ்வாய்தோறும் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

ஷிரோமியின் முடிவு வந்துவிட்டதாமே. ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு “பாஸ்தாம்மா” என்று மட்டும் சொன்னாள். விபரமாக எழுதுங்கள். அவள் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை ஏறக்கூடாது என்பதற்காகத்தான் நான் இங்கே தினமும் பதினாலு முதியவர்களைக் குளிப்பாட்டுகிறேன். அதை அவளிடம் சொல்ல வேண்டாம், தலைக்கனம் வந்துவிடும்.

உங்கள் தங்கை
நிஷாலினி


24.06.2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

ஷிரோமிக்குத் தமிழ் ஏ, மற்ற இரண்டும் பி. இணையத்தில் எடுத்த தாளை நான் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட இது போதும் என்று அவளுடைய பள்ளி அதிபர் சொன்னார். விண்ணப்பம் கோரும் திகதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.

தைலம் வந்தது. அண்ணி பூசிக்கொண்டு, “இது மணக்குற மணத்துக்கே வலி ஓடணும், ஓடல” என்கிறாள். மற்றபடி சுகம்.

மண்டபத்தில் சாரிகளைக் கட்டி அறை பிரித்திருக்கிறோம். ஒரு குடும்பத்துக்கு எட்டடிக்குப் பத்தடி. நான் அளந்து கொடுத்ததால் எல்லாருக்கும் என்மேல் கோபம். நம் அடுத்த சாரிக்குப் பின்னால் இராக்கம்மா குடும்பம். இரவில் அவள் இருமினால் அண்ணி “தண்ணி குடி இராக்கம்மா” என்பாள், அவ்வளவு கிட்டம். ஞாயிறு ஆராதனைக்குச் சாரிகளை அவிழ்த்து, முடிந்ததும் திரும்பக் கட்டுகிறோம். இந்துக் குடும்பங்கள் அந்த இரண்டு மணி நேரமும் வெளியே மரத்தடியில் இருக்கின்றன. யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவர்களாகவே போகிறார்கள்.

காணி விஷயமாக ஸஜீதாவின் முதல் விசாரணை ஜூலை 30. அதற்குள் ஏதாவது கிடைக்குமா?

லூக்காஸ்


16.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஷிரோமியின் ஏயைக் கேட்டு அன்றைக்கு இரண்டு பேருக்கு இரண்டு தடவை தேநீர் கொடுத்துவிட்டேன்.

இன்னும் நம் கடதாசி கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை. 1874ஆம் ஆண்டுக் கட்டு. அண்ணா, இந்த ஊரில் பண்ணையில் வேலை செய்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கல்லும் இல்லை. வீடு பண்ணைக்காரருடையது. வேலை இருக்கும்வரை வீடு. கோயிலில் முன் இருக்கைகள் பண்ணைக்காரர்களுக்கு, கூலிக்காரர்கள் கடைசி பெஞ்சில். போதகரின் மனைவியைப் பாதையில் கண்டால் பெண்கள் முழங்காலை மடக்கி வணங்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை நிலக்கரி என்று பட்டியல் இருக்கிறது. ஆராதனைக்கு வராத வீட்டுக்கு நேரே கோடு. வேலைக்கு வந்தவர் பெயர் குறிக்கும் நம் தோட்டத்துச் செக்றோலைப் பார்ப்பது போல இருந்தது.

ஜோப் டாப் என்று ஒரு கூலிக்காரர். மனைவி, ஐந்து பிள்ளைகள். அந்த வருஷம் சுற்று வட்டாரக் கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்து வாரச் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். ஜோப் சங்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வேலை இல்லை. வேலை இல்லாததால் வீடும் இல்லை. வீட்டுக் கடதாசியைப் போதகர் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார், மற்றவர்களும் பார்க்கட்டும் என்று. ‘பண்ணையில் உழைக்கும் காலம்வரை மட்டும், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.’ அதன் கீழே இரண்டே வரி. டாப் குடும்பம் சனிக்கிழமை மழையில் கிளம்பியது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

நான் மிசிஸ் பிளேக்கிடம் அந்த வீடு எது என்று கேட்டேன். கோயிலுக்கு எதிரில் ரோஜாக்கொடி ஏறிய வீடு. “இப்போது லண்டன்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள், வருஷத்தில் மூன்று வாரம் வருவார்கள்” என்றார்.

அடுத்தது 1880, 1881. எட்மண்டின் கடிதங்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

நிஷாலினி


05.08.2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

விசாரணை நடந்தது. கம்பெனியின் சட்டத்தரணி, நாம் கோயில் காணியில் அத்துமீறிக் குடியிருப்பதாகச் சொன்னார். ஸஜீதா அதைக் குறித்துக்கொண்டு, நம் தரப்புக் கடதாசிக்கு செப்டம்பர் 30 வரை தவணை தந்தார். இது அவருடைய கையெழுத்திலுள்ள கட்டளை, என்னிடம் பிரதி இருக்கிறது.

எங்களுக்குச் சுகக்குறைவு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை மண்டபத்தில் சத்தமாக வாசித்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. முடித்ததும் ரமேஸ், “லூக்காஸ் அண்ணே, அந்த ஜோப் டாப்பு எந்த யூனியனாம்?” என்று கேட்டான். “எந்த யூனியனா இருந்தா என்னா, சந்தா வாங்கிட்டு விட்டுட்டான் பாரு” என்றாள் இராக்கம்மா. வெகுநேரம் சிரிப்பு. பிறகு அவளே, “வெள்ளக்காரனுக்கும் லயம் இருந்துச்சா” என்றாள்.

ஷிரோமி பாலர் பாடசாலையில் சம்பளமில்லாமல் உதவுகிறாள். கல்லூரி விண்ணப்பம் அனுப்பியாயிற்று, பதிவுத்தபால் துண்டு என்னிடம்.

1881 என்ன சொல்கிறது?

லூக்காஸ்


03.09.2024

அண்ணனுக்கு,

நான் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

தேடியது கிடைத்தது. 1881 மார்ச் பத்திரிகையில் எட்மண்ட் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம். நாலு ஏக்கரைத் தோட்டத்திலிருந்து பிரித்து, கோயிலுக்கும் அடக்கம் பண்ணவும் ‘என் ஆட்களின் குடியிருப்புக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும்’ என்று விட்டிருப்பதாக எழுதுகிறார். அளவுக்கல் போட்ட இடங்களும் இருக்கின்றன. அச்சுப் பிரதியை மிசிஸ் பிளேக் அத்தாட்சிப்படுத்திக் கோயில் முத்திரை குத்தித் தந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். இதையே கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஆள் குறைவு. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறேன். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

நிஷாலினி


22.09.2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

உன் பதிவுத்தபால் 19ஆம் திகதி கிடைத்தது. நாங்கள் சுகம். உன் கடிதம் சிறியது, அவசரத்தில் எழுதியது போல இருந்தது. உடம்பு எப்படி?

அத்தாட்சியில் மிசிஸ் பிளேக் எழுதியிருப்பது: ‘உண்மைப் பிரதி, பக்கங்கள் இரண்டு.’ உறைக்குள் இருப்பது ஒரு பக்கம். தபாலில் பிரிக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை, ஒட்டிய இடம் நீ ஒட்டியபடியே இருக்கிறது.

நான் இன்னும் அதைக் கொடுக்கவில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முந்தாநாள் ரமேஸ் எல்லாருக்கும் முன்னால் கேட்டான். “நாலு ஏக்கர் நமக்குனு துரையே எழுதியிருக்கான். மிச்சத்துல என்னா இருந்தா நமக்கென்னா? நீங்க பேப்பருக்கா எழுதுறீங்க? குடுங்கண்ணே.” அவனுக்கு மூன்று பிள்ளைகள், கடைசியாளுக்கு மூன்று வயது. முப்பத்தி நாலு வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான், பாதியை வைத்து எதையும் அனுப்பியதில்லை. அது பெருமைக்குச் சொல்வதல்ல, பழக்கம்.

தேர்தல் வேலையால் ஸஜீதா தவணையை அக்டோபர் 25 வரை நீட்டியிருக்கிறார். நேற்று வெடிப்பை நான் அளந்தேன், பதினான்கு அங்குலம். அது என் அளவு, அதிகாரிகளுடையது அல்ல.

இரண்டாம் பக்கத்தை அனுப்பு.

லூக்காஸ்


06.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை விரைவுத்தபாலில் போடுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்குத்தான்.

இரண்டாம் பக்கம் இத்துடன் இருக்கிறது. வாசித்தால் நான் ஏன் எடுத்துவிட்டேன் என்று தெரியும். நாலு ஏக்கரைக் கொடுத்த கையோடு எட்மண்ட் எழுதுகிறார்: ‘நம் ஊர் வழக்கப்படியே இதற்கும் நிபந்தனை வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒருவராவது தோட்டத்தில் உழைக்கும் காலம்வரை மட்டும், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.’ ஜோப் டாப்பைத் துரத்திய அதே வாசகம், அண்ணா. வால்டர் இங்கே அச்சடித்ததை எட்மண்ட் அங்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார். வாசித்த அன்று பஸ்ஸைத் தவறவிட்டு ஐந்து மைல் நடந்தேன்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். மிசிஸ் பிளேக் இரண்டு பக்கத்துக்கும் முத்திரை குத்தித் தந்ததை நீங்கள் எண்ணுவீர்கள் என்பதை மறந்துவிட்டேன்.

மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேருடைய பிள்ளைகள் கொழும்பில். நம் வீட்டில் யார் அண்ணா? உங்களுக்கு அறுபத்து மூன்று. அண்ணி ஓய்வு எடுத்து ஆறு வருஷம். நான் இங்கே. இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக் கொடுங்கள். கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுங்கள் என்றும் வரவில்லை.

ஷிரோமியிடம் போனில் இதைப் பேசப் பயமாக இருக்கிறது. நீங்களும் அவளிடம் சொல்லாதீர்கள்.

நிஷாலினி


23.10.2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

இரண்டு பக்கத்தையும் 21ஆம் திகதி திங்கட்கிழமை ஸஜீதாவிடம் கொடுத்தேன். பெற்றதாகத் திகதி முத்திரை வாங்கியிருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சுகமாக இரு. இங்கே அண்ணியின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். மழை தொடங்கிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். ஸஜீதா நிபந்தனையை உரக்க வாசித்தார். நாம் தோற்றோம் என்று நினைத்தேன். ஆனால் அங்கே வந்திருந்த கம்பெனியின் சட்டத்தரணி வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, இந்த நிபந்தனையோடு என்றால் காணியை விடக் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்றார். தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஆள் இல்லை. பாதி மலை காடாகிக் கிடக்கிறது. அவர்களுக்கு ஆள் வேண்டும், நமக்குக் காணி வேண்டும். நூற்றி நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்திய கடதாசி இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது.

நவம்பர் 26 அன்று ஸஜீதா நேரில் வந்து வீடு வீடாகப் பார்ப்பார். வீட்டுக்கு ஒரு பெயர் செக்றோலில் இருக்க வேண்டும், அதற்குமுன் குறைந்தது பத்து நாள் வேலை செய்திருக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை எழுத மாட்டார்கள்.

மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பத்தொன்பது வீட்டில் ஏற்கனவே ஆள் வேலை செய்கிறது. எட்டு வீட்டில் இல்லை. கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் தன் மனைவி விஜயலெட்சுமியைத் திரும்பக் கூப்பிடுவதாக ரமேஸ் சொன்னான். இராக்கம்மாவின் மருமகள், ‘இனி அந்தக் கூடையைத் தொட்டா என்னைச் செருப்பால அடி’ என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றவள், எழுந்து, “செருப்பைக் கொண்டாங்க” என்றாள். அப்படி எட்டில் ஆறு வீட்டுக்கு ஆள் ஆயிற்று.

கல்வியியற் கல்லூரியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. நம் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லூக்காஸ்


02.11.2024

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

எட்டில் ஆறு என்று எழுதினீர்கள். மீதி இரண்டில் ஒன்று நாம். நம் வீட்டில் அறுபதுக்குக் கீழே இருப்பது ஷிரோமி ஒருத்தி. நீங்கள் எழுதாமல் விட்டது எனக்குத் தெரிகிறது.

முதியோர் விடுதி மேலாளரிடம் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். வேலை போனால் விசாவும் போகும், திரும்பி வர முடியாது. பரவாயில்லை. நவம்பர் 19 செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் வந்து என் பேரை எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தி நாலு. பத்து நாள் கணக்கு எனக்குப் போதாமல் போகும் என்று தெரியும். ஸஜீதாவின் காலைப் பிடித்தாவது ஒரு வாரம் தவணை வாங்குங்கள். அவள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகக்கூடாது. ஒரு நாள்கூட.

போன ஞாயிறு அவளிடம், ‘மாமா ஏதாவது சொன்னாரா?’ என்று கேட்டேன். “மழைம்மா, சிக்னல் சரியில்ல” என்று வைத்துவிட்டாள்.

இரவுக் கடமைக்கு நேரமாகிறது.

நிஷாலினி


13.11.2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

உறுதியானதை முதலில் எழுதுகிறேன். ஷிரோமி நவம்பர் 4ஆம் திகதி காலை ஆறரை மணிப் பெரட்டில் தன் பெயரைப் பதிந்தாள். கணக்கப்பிள்ளை எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உன் கடிதம் நேற்று, 12ஆம் திகதி, கிடைத்தது. எட்டு நாள் வித்தியாசம்.

நாங்கள் சுகம். அண்ணிக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 23ஆம் திகதிக் கடிதத்தை எழுதும்போதே அவள் முடிவு எனக்குத் தெரியும். கூட்டம் நடந்த அன்றே சொல்லிவிட்டாள். நான் அதை எழுதாமல் விட்டேன். உன்னிடம் இரண்டாம் பக்கத்தைக் கேட்டவன் நான், அதே காரியத்தை நானே செய்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதி உனக்கு ஆவதொன்றும் இல்லை.

அவள் சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன். “அம்மாவுக்கு என்ன சொல்றது?” என்று கேட்டேன்.

“சொல்லாதீங்க மாமா. போன வருஷம் அவங்க கை முறிஞ்சத யாரு சொன்னது? கட்டுப் போட்ட கையைப் போனுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டுப் பேசினாங்க. நான் பார்த்துட்டேன்.”

“அம்மா அங்க கிடந்து கஷ்டப்படுறது எதுக்குன்னு தெரியுமா?”

“தெரியும். ஆனா அம்மா திரும்பி வந்தா எங்க படுப்பாங்க? சாரிக்குப் பின்னாலயா?”

அண்ணி தன் பழைய படங்குச் சேலையை, கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுவதை, பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் பெண்கள் கிண்டல் பண்ணினார்கள். “டீச்சரம்மா, கொழுந்துக்கு மார்க் போட வந்தீங்களா?” “ஆமாங்கக்கா, உங்களுக்கு எஃப்” என்றாளாம். அன்றைக்கு எடுத்தது ஆறு கிலோ. இன்று எட்டாவது நாள், பதினொன்று. தராசுச் சீட்டு பார்த்தேன். இதை எழுதும்போது பக்கத்திலிருந்து “அந்த ஆறு கிலோவ எழுதாதீங்க மாமா” என்கிறாள். எழுதிவிட்டேன். விரல் நுனி எல்லாம் கறுத்திருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தவணைக்குப் பதிலாகக் கணக்கப்பிள்ளையிடம் ஒன்று கேட்டேன். தாய் வந்தால் மகள் பெயரை எடுத்துவிட்டுத் தாய் பெயரை எழுதலாமா, மகள் செய்த நாட்களைத் தாயின் கணக்கில் சேர்க்கலாமா என்று. “இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லையே” என்றார். தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டு வெள்ளிக்கிழமை 15ஆம் திகதி சொல்வதாக இருக்கிறார்.

கல்வியியற் கல்லூரி அழைப்பு நேற்று வந்தது. நேர்முகம் டிசம்பர் 3, காலை ஒன்பது மணி. அதற்குப் போவாள், துரையிடம் அன்றைக்கு லீவு கேட்டாயிற்று. ஆனால் படிக்கப் போனால் பெயர் செக்றோலிலிருந்து விழும். பெயர் விழுந்தால் காணி என்னவாகும் என்பதுதான் இப்போதைய கேள்வி. ஸஜீதா சொல்வது: ஹார்லண்டின் நிபந்தனையைக் காணி உறுதியில் அப்படியே எழுதுவதா, இன்றைய சட்டத்துக்கு அது செல்லாது என்று விடுவதா என்று கொழும்பில் சட்ட ஆலோசனை கேட்டிருக்கிறார். செல்லாது என்று வந்தால், 26ஆம் திகதிச் சோதனையோடு எல்லாம் முடிந்தது, அவள் போகலாம். செல்லும் என்று வந்தால், அந்த வீடு இருக்கும்வரை நம்மில் ஒருவர் பெரட்டில் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் வரும் என்று கேட்டேன். “எனக்கு வீடு குடுக்கணும்னு இருக்கு, கடதாசிக்கு என்ன இருக்குன்னு தெரியல” என்றார்.

வேலையை விட்ட கடிதத்தை உன் மேலாளர் ஏற்றுக்கொண்டாரா, திரும்ப வாங்க முடியுமா என்று நீ எழுதவில்லை. வா என்றோ வராதே என்றோ நான் சொல்லப் போவதில்லை.

இந்தக் கடிதம் 19க்கு முன்னால் உன் கைக்கு வராது என்று பசறைத் தபால் அதிபர் சொல்கிறார். அதனால் ஞாயிறு 17ஆம் திகதி காலை ஷிரோமி பசறையிலிருந்து உன்னைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுவாள். ஒரு வரியும் விடாமல் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் நிற்பேன். துரையின் பதிலை அதற்குள் இதன் அடியில் சேர்த்துவிடுவேன்.

எதிர்பார்க்கும் திகதிகள்: துரையின் பதில் 15, வீட்டுச் சோதனை 26, நேர்முகம் டிசம்பர் 3, கொழும்பின் சட்ட ஆலோசனை டிசம்பர் 10. உன் பதில் ஞாயிறு. உங்கள் நேரத்துக்கு விடியற்காலை ஐந்து மணி ஆகும், போனைக் கிட்ட வைத்திரு.

அண்ணன்
லூக்காஸ்